மஞ்சள் நகல்

அடையாறில் கால்வாயை ஒட்டி இருக்கும் அந்த அரசு அலுவலகத்தின் ஆவண அறைக்கு ஜூன் மாதம் கரையான் வந்தது. ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் கிச்சா மூன்றாவது அலமாரியிலிருந்து ஒரு கோப்பை உருவியபோது அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருக்க வேண்டிய காகிதமெல்லாம் மண்ணாகக் கொட்டியது. அதில் ஒரு பிடியை அந்த அட்டையிலேயே ஏந்திக்கொண்டு அவர் மாடியேறி வந்தார்.

"கோப்பு கேட்டீங்களே மேடம், இந்தாங்க. தொட்டிக்குப் போட்டா ரோஜா நல்லா பூக்கும்."

அவர் மேடம் என்றது லூயிசாவை. வெளியீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர், வயது முப்பத்தெட்டு, பதினான்கு வருடமாக இதே கட்டடம், ஜன்னலுக்கு வெளியே இதே தூங்குமூஞ்சி மரம். அந்தத் துறை பொதுமக்களுக்காகச் சின்னச் சின்னக் கையேடுகள் வெளியிடும். வீட்டுத் தோட்டம், மழைநீர் சேகரிப்பு, கொசு ஒழிப்பு, கடலோர மீன்கள். ஒவ்வொரு கையேட்டுக்கும் ஒரு தயாரிப்புக் கோப்பு உண்டு. எழுதியவரின் கையெழுத்துப் பிரதி, படங்கள், அச்சகத்தின் கடிதங்கள், புரூஃப், திருத்தம், அதிகாரிகளின் ஒப்புதல் என்று ஒரு புத்தகம் உருவான கதை முழுவதும் அதில் இருக்கும். புத்தகம் வெளியானதும் கோப்பைக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு அதை யாரும் திறப்பதில்லை. அழிப்பதும் இல்லை.

அழிக்க விதி இல்லை என்பதுதான் காரணம். மற்ற கோப்புகளுக்கெல்லாம் முடிக்கும்போதே அட்டையில் ஓர் ஆங்கில எழுத்து விழும். எல் என்றால் ஓராண்டு வைத்திருக்க வேண்டும், கே என்றால் மூன்று, டி என்றால் பத்து, ஆர் என்றால் என்றென்றைக்கும். தயாரிப்புக் கோப்புக்கு எந்த எழுத்து என்று நாற்பது வருடமாக யாரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு யாராவது அந்தக் காகிதத்தைத் தேடிக்கொண்டு வந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் பிடிப்பார்கள்.

அந்தத் தயக்கத்தைக் கரையான் முடித்துவைத்தது. துணை இயக்குநர் ஜுவேரியா தலைமையில் மூன்று பேர் கொண்ட குழு ஆறு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழுவில் லூயிசா ஒருத்தி. மூன்றாமவர் ஆவணத் துறையிலிருந்து வருவார். உத்தரவின் கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது. ஸ்ரீநாத்.

லூயிசா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாவது முறையும் படித்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்ரீநாத் இங்கே அயற்பணியில் வந்திருந்தான். பிழைதிருத்துபவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். அந்த ஆறு மாதத்துக்கு மாற்று ஆள். மயிலாப்பூர்க்காரன். அப்போது லூயிசா உதவியாளர். அவள் கையில் இருந்தது 'கடலோர மீன்கள்'. அவன் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தான், அவள் கீழே. புரூஃப் பியூன் கையில் ஏறி இறங்கும். சந்தேகம் வந்த இடத்தில் அவன் ஒரு ரோஸ் நிறச் சீட்டை ஒட்டி, எண் போட்டுக் கேள்வி எழுதுவான். அதன் கீழேயே அவள் பதில் எழுதி அனுப்புவாள். பிறந்ததிலிருந்து தட்டில் மீனைப் பார்த்திராதவன் மீன் புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தால் சந்தேகத்துக்கு என்ன குறை?

வஞ்சிரமும் நெய்மீனும் ஒன்றா வேறா என்று கேட்டிருந்தான். ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்று எழுதினாள். காரப்பொடியில் இவ்வளவு முள் இருந்தால் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அடுத்த சீட்டு. பொறுமையாக, என்று எழுதினாள். புத்தகத்தில் இருக்கும் பெயர்களைத்தான் மீன்காரர்களும் சொல்கிறார்களா என்று ஒரு சீட்டில் கேட்டான். வாருங்கள், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று எழுதினாள். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் நொச்சிக்குப்பத்துச் சாலையோரக் கடைகளுக்குப் போனார்கள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க அவன் என்ன பாடுபட்டான் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டான். கடைக்காரப் பெண் "உன் வீட்டுக்காரரு மீன் வாங்க வந்தாரா, பரீட்சை எழுத வந்தாரா?" என்று கேட்டபோது லூயிசாவும் திருத்தவில்லை, அவனும் திருத்தவில்லை.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் பிடித்திருக்கிறது என்று நம்பினாள். ஏதோ கேட்கப் போகிறான் என்று காத்திருந்தாள். கையேடு அச்சுக்குப் போன மறுநாள், இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும்போதே, அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பழைய அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று அன்று தோன்றியது. பிறகு வந்த வரன்களையெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். ஒரு கட்டத்தில் வரன்களும் தீர்ந்தன, காரணங்களும் தீர்ந்தன.

இப்போது அவன் ஆறு வாரம் எதிரே உட்காரப் போகிறான். அன்று ஏன் போனான் என்று அதற்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டாள். அதில் இரண்டாவது பாதியை அவளே முழுசாக நம்பவில்லை.

ஸ்ரீநாத்துக்குக் காதோரம் நரைத்திருந்தது. மற்றபடி அதே கட்டம் போட்ட சட்டை, அதே பேனாவைத் திறந்து திறந்து மூடும் பழக்கம். சௌக்கியமா என்று கேட்டான். நன்றாக இருக்கிறேன் சார் என்றாள். முதல் வாரம் அவ்வளவுதான் பேச்சு. மிச்சத்தைக் கிச்சா கேட்டுச் சொன்னார். கிச்சா யாரிடமும் சுற்றி வளைத்துக் கேட்பவரல்ல. ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று நேராகவே கேட்டிருக்கிறார். தெப்பக்குளத்துப் பக்கத்தில் அம்மாவும் இவனும் மட்டும்தான் என்று பதில் வந்திருக்கிறது.

"சாருக்கு இன்னும் கோப்பே ஓப்பன் ஆவல மேடம்" என்றார் கிச்சா. லூயிசா கையிலிருந்த காகிதத்தைக் கவனமாகப் படித்தாள். அது தலைகீழாக இருந்தது.

முதல் கூட்டத்தில் ஸ்ரீநாத் மூன்று ஆண்டு போதும் என்றான். புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, புத்தகம்தான் ஆவணம், வீடு கட்டி முடித்தால் சாரத்தைப் பிரித்துவிடுவதுதான் முறை என்றான். லூயிசா ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இடம் கிடைக்காதது எவ்வளவோ கோப்பில் இருக்கிறது, ஒருமுறை போனால் திரும்ப வராது, எல்லாவற்றுக்கும் ஆர் போட வேண்டும் என்றாள். அவன் குரல் உயரவில்லை. ஆனால் மூன்று ஆண்டு என்பதை விட்டு அவன் நகரவும் இல்லை. கூட்டத்துக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதே என்று அவளுக்குப் பட்டது.

ஜுவேரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தர் கொளுத்தணும்ங்கறீங்க. ஒருத்தர் கும்பிடணும்ங்கறீங்க. ரெண்டு பேருமே ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கலை."

பத்துக் கோப்புகளை எடுங்கள், ஆளுக்கு ஐந்து, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்து, புத்தகத்தில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். ஸ்ரீநாத் உடனே பட்டியல் போட்டான். லூயிசா அதை வாங்கிப் பார்த்தாள். அவன் இங்கே வேலை பார்த்த வருடத்துக் கோப்பு ஒன்றுகூட அதில் இல்லை. பத்தாவதை அடித்துவிட்டு 'கடலோர மீன்கள்' என்று எழுதினாள்.

பேனா மூடி திறந்தது, மூடியது.

"அது வேண்டாமே. ரொம்பச் சாதாரணக் கோப்பு."

"சாதாரணமா இருக்கறதாலதான் சார் சாம்பிள்."

"அப்போ அதை நான் பார்த்துடறேன்."

அதைத் தயாரித்தது லூயிசாதானே, அவளே பார்க்கட்டும் என்று ஜுவேரியா சொல்லிவிட்டார். அன்று மாலை போகும்போது ஸ்ரீநாத் குடையை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போனான்.

அடுத்த பத்து நாள் லூயிசா கீழே ஆவண அறையில், கிச்சாவின் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். மழைநீர் சேகரிப்புக் கோப்பில் நினைவூட்டுக் கடிதத்துக்கு நினைவூட்டுக் கடிதம் என்று பதினாறு இருந்தன. அதை எல்லாம் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது நானா என்று வெட்கமாக இருந்தது. வீட்டுத் தோட்டக் கோப்பில் ஓவியர் வரைந்த அவரைக்கொடியின் அசல் இருந்தது. புத்தகத்தில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்த கொடி, இங்கே முழுத் தாளில், சுருண்ட நுனியில் ஓர் எறும்போடு படர்ந்திருந்தது. இரண்டு பேரும் சொன்னது பாதிப் பாதி சரி என்று அவளுக்குப் புரியத் தொடங்கியது.

வியாழக்கிழமை மத்தியானம் 'கடலோர மீன்கள்' கோப்பைத் திறந்தாள். கரையான் பக்கத்துத் தட்டு வரைக்கும் வந்து நின்றிருந்தது. முதலில் புகைப்படங்கள். புத்தகத்தில் ஒரு கையும் அந்தக் கையில் ஒரு சங்கரா மீனும் மட்டுமே இருக்கும். கோப்பில் அந்தக் கைக்கு உரியவள் முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் பெயர், குப்பத்தின் பெயர், படத்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று கைநாட்டு. லூயிசா அதைத் தனியாகக் குறித்துக்கொண்டாள். இது போகக் கூடாது.

கடைசியில் மஞ்சள் நகல் இருந்தது.

அந்தக் காலத்தில் அச்சகம் புரூஃபை இரண்டு படியாக அனுப்பும். வெள்ளைத் தாளில் வருவது திருத்தி அனுப்புவதற்கு. மஞ்சள் தாளில் வருவது கோப்பில் வைப்பதற்கு. வெள்ளைதான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடக்கும். மஞ்சளை யாரும் பிரிப்பதில்லை. வந்ததும் நாடாவால் கட்டி, மேலே 'பார்த்தேன். கோப்பில் சேர்க்கவும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பார்க்காமல்தான் எழுதுவார்கள். அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான். லூயிசா பத்து வருடம் எழுதியிருக்கிறாள்.

நாடாவில் இருந்தது அவளே போட்ட முடிச்சு. அவிழ்த்தாள். தாள்கள் புதுசுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு ரோஸ் சீட்டு.

'வினா 17. இந்தக் கையேட்டில் உள்ள மீன்களில் ஒன்றைக்கூட நான் சாப்பிட்டதில்லை. இனியும் சாப்பிடுவேன் என்று தோன்றவில்லை. இது ஒரு குறையாக உங்களுக்குப் படுமா? படாது என்றால், ஞாயிறு பூசை முடிந்ததும் சாந்தோம் கோவில் வாசலில் உங்கள் அப்பாவைப் பார்த்துப் பேச விரும்புகிறேன். வரலாமா? ஸ்ரீ.'

கீழே பதிலுக்கான இடம் காலியாக இருந்தது.

அவளுக்குக் கையேடு அச்சுக்குப் போன அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. அச்சகத்து ஆள் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றதும், அப்போதைய கண்காணிப்பாளர் மாடிக்கே போய் வெள்ளைப் படியைப் பிடுங்கிக்கொண்டு வந்ததும். அன்றைய அவசரத்தில் இரண்டு படியும் சேர்ந்தே மாடிக்குப் போயிருந்தன; ஸ்ரீநாத்தின் கையில் மிஞ்சியது மஞ்சள்தான். அதில் ஒட்டிக் கீழே அனுப்பியிருக்கிறான். மஞ்சளை இங்கே யாரும் திறப்பதில்லை என்று, வந்து நான்கு மாதமே ஆனவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு மேல் தாளைப் பார்த்தாள். பார்த்தேன். கோப்பில் சேர்க்கவும். லூயிசா. அதே புதன்கிழமைத் தேதி.

அதை அவன் பார்த்திருக்கிறான். அவளுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவன் ஏன் போனான் என்பதும், இந்தக் கோப்புகளெல்லாம் மூன்று வருடத்தில் ஒழிய வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறான் என்பதும் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், அதுலயும் கரையானா?" என்றார் கிச்சா.

"இல்லை கிச்சா. இது தப்பிச்சிடுச்சு."

சீட்டைப் பிரித்துப் பையில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கை போனது. தாளுக்குப் பக்க எண் இருக்கிறது, அரசாங்கக் கோப்பு. அப்படியே விட்டுவிட்டுக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை.

அன்று சாயங்காலம் சாந்தோம் வீட்டில் அப்பா காஸ்பர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாலு வருடமாகக் காது மந்தம் என்பதால் செய்தி பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். லூயிசா சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாடி, பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு மயிலாப்பூர் ஐயர் வீட்டுப் பையன் வந்து என்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார். "என்கிட்ட யாரும் வந்து கேக்கலையே."

"கேட்டிருந்தா?"

"அப்போ காது நல்லா கேட்டுச்சு. இப்ப வர்றதா இருந்தா கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லு."

அவர் ரிமோட்டை எடுத்துப் பழையபடி சத்தத்தைக் கூட்டினார்.

அவளுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. நேராகப் போய் அவனிடம் சொல்லிவிடலாம். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கேள்வி அது. கேட்டவன் மனதில் அது இன்னும் இருக்கிறதா, கரையான் அரித்து அட்டை மட்டும் நிற்கிறதா என்று யார் கண்டது? இன்னொன்றும் இருந்தது. நகலைத் திறக்கவில்லை என்று அவனிடம் சொன்னால், பார்த்தேன் என்று எழுதியது பொய் என்று ஆகிறது. அந்த ஒரு தாளில் மட்டுமல்ல, பத்து வருடத் தாள்களிலும். ஒரு கோப்பு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று விதி எழுதப் போகிறவள், அந்தக் கோப்பை யாருமே பார்க்கவில்லை என்பதை மறைத்துவிட்டு எழுத முடியாது. அவனுக்குச் சொல்லும் உண்மையும் அறிக்கையில் எழுத வேண்டிய உண்மையும் ஒன்றாகவே இருந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வழியில்லை.

ஐந்தாவது வாரம் கூட்டம். லூயிசா வரைவை மேசையில் வைத்தாள். கோப்பை முழுசாக வைப்பது, முழுசாக அழிப்பது என்ற பேச்சையே அவள் விட்டிருந்தாள். புத்தகத்தில் இல்லாதது எதுவோ, அசல் ஓவியம், கையெழுத்துப் பிரதி, படத்தில் இருப்பவர்களின் சம்மதம், அதற்கு ஆர். அச்சகக் கடிதங்களுக்கும் ஒப்புதல்களுக்கும், ஸ்ரீநாத் சொன்னபடியே, மூன்று வருடம். புரூஃபுக்கு எல்.

ஸ்ரீநாத் நிமிர்ந்தான். அவன் மூன்று வருடம் கேட்டதையே கொடுக்க மறுத்தவள், புரூஃபை ஓராண்டில் அழிக்கலாம் என்கிறாளே என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"அதுல ஒரு நிபந்தனை இருக்கு சார்" என்று அவள் படித்தாள். ஒவ்வொரு தாளையும் பொறுப்பு அலுவலர் திறந்து பார்த்து, எல்லா வினாக்களுக்கும் பதில் எழுதிய நாளிலிருந்துதான் அந்த ஓராண்டு தொடங்கும். திறக்காமல் பார்த்தேன் என்று எழுதக் கூடாது.

எதற்கு இப்படி ஒரு வரி என்று ஜுவேரியா கேட்டார்.

லூயிசா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் நகலை இந்த அலுவலகத்தில் யாரும் பிரிப்பதில்லை என்றும், தானும் பத்து வருடம் பிரிக்காமலேயே பார்த்தேன் என்று எழுதியதாகவும், அப்படி எழுதிய ஒரு நகலைப் போன வாரம்தான் முதன்முதலாகப் பிரித்ததாகவும் சொன்னாள். சொல்லும்போது ஜுவேரியாவை மட்டும் பார்த்தாள்.

ஜுவேரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உதவியாளரா இருந்த இடத்துல பச்சை நகல்" என்றார். "நாங்களும் பிரிச்சதில்லை. அந்த வரி இருக்கட்டும். பேரெல்லாம் போட வேண்டாம்."

"என் பேரு மேல் தாள்லயே இருக்கு மேடம்."

ஸ்ரீநாத் இதற்குள் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். படித்த பத்துக் கோப்புகளின் பட்டியல் அது. பத்தாவது வரிசையில், குறிப்பு என்ற கட்டத்தில், அவள் எழுதியிருந்தது: 'வினா 17க்கு இன்னும் பதில் அளிக்கப்படவில்லை. பதில் எழுதும்வரை இக்கோப்பை முடிக்க இயலாது.'

அவன் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பவில்லை. பேனா மூடி கையிலிருந்து உருண்டு போய் மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனியவும் இல்லை.

லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஜுவேரியா எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, இன்று மத்தியானம் கூட்டம் இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

லூயிசா மேசைக்கு அடியில் கிடந்த பேனா மூடியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்க அதைத் திறக்கவே இல்லையா?" என்றான் ஸ்ரீநாத்.

"போன வியாழக்கிழமை திறந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். "மறுநாள் காலம்பற எட்டரைக்கே வந்துட்டேன். கோப்பு உங்க மேசை மேலதான் இருந்தது. 'பார்த்தேன், கோப்பில் சேர்க்கவும்'னு உங்க கையெழுத்து. மாடிக்குக்கூடப் போகலை. அப்படியே பட்டினப்பாக்கம் வரைக்கும் நடந்துண்டே இருந்தேன். இதைவிட மரியாதையா ஒருத்தர் முடியாதுன்னு சொல்ல முடியாதுன்னு நினைச்சுண்டேன்."

"எல்லாத்துலயும் அதைத்தான் சார் எழுதுவோம்."

"அது எனக்குத் தெரியாதே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டுத்தான் இருந்தேன். எழுத்துல."

லூயிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் கண்தான் நிறைந்தது. அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் வைத்தான். அவளே எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் குழுவுக்கு நானா கேட்டு வாங்கிண்டுதான் வந்தேன்" என்றான். "அந்தச் சீட்டை எப்படியாவது ஒழிச்சுடணும்னு. வந்து முதல் நாள் உங்களைப் பார்த்தப்புறம், அதுக்காக மட்டும்தான் வந்தேன்னு சொல்லிக்க முடியலை."

"இப்பவும் ஒழிக்கணுமா?"

"பதில் என்னன்னு தெரியாம எப்படி ஒழிக்கறது?"

"வாயால சொன்னா கோப்பு முடியாது சார்" என்று லூயிசா எழுந்தாள். "சீட்டுலதான் எழுதணும்."

இருவரும் கீழே ஆவண அறைக்குப் போனார்கள். கிச்சா ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முகங்களையும் பார்த்தவர், வெளியில் வேப்ப மரத்தடியில் காற்று நன்றாக வருகிறது என்று யாரும் கேட்காத ஒரு தகவலைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு போய்விட்டார்.

லூயிசா மஞ்சள் நகலைப் பிரித்து, அறுபத்து நான்காம் பக்கத்தை வைத்தாள். அவன் எழுத்து அன்று எவ்வளவு நிமிர்ந்து இருந்தது என்று இருவரும் பார்த்தார்கள். அவள் பேனாவைத் திறந்து, பன்னிரண்டு வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் எழுதினாள்.

'குறையாகப் படாது. ஞாயிறு, காலை எட்டு மணிப் பூசை. அப்பாவுக்குக் காது சற்று மந்தம். உரக்கப் பேசவும். லூயிசா.'

இன்றைய தேதியைப் போட்டாள். அவன் குனிந்து படித்தான். ஒருமுறை படித்தால் போதாது என்பதுபோல விரலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே நகர்த்திப் படித்தான். பிறகு மேல் தாளைத் திருப்பி, அவளுடைய பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பார்த்தேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டான்.

"விதிப்படி இன்னிலேர்ந்து ஒரு வருஷம்" என்றான். "அப்புறம் இதை அழிச்சுடணும்."

"அழிக்கட்டும்" என்றாள் லூயிசா. "அப்போ நமக்கு இது தேவைப்படாது."

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோவில் வாசலில் எட்டு மணிப் பூசைக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கடற்காற்றில் பெண்களின் முக்காடுகள் பறந்தன. மெழுகுவர்த்தி விற்பவளுக்குப் பக்கத்தில் ஸ்ரீநாத் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். லூயிசா அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து அவன் எதிரே நிறுத்தினாள். பேச வேண்டியவன் அவன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயரையும் ஊரையும் சொல்லி, அவர் மகளைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். காஸ்பர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றார்.

அவன் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். படியிறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள்.

"காத்துல ஒண்ணும் கேக்கலை தம்பி."

மூன்றாவது முறை அவன் சொன்னது வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மெழுகுவர்த்தி விற்பவள் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாடகர் குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஸ்ரீநாத்தின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனால் அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

லூயிசா அப்பாவின் வாயோரத்தைப் பார்த்தாள். அது முதல் முறையிலிருந்தே லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு முதல்லயே கேட்டுச்சு" என்றார் காஸ்பர். "பன்னெண்டு வருஷம் எம் பொண்ணைக் காக்க வெச்ச ஆளு, மூணு தடவை சத்தமா சொன்னா தேஞ்சா போயிடுவ?"

ஸ்ரீநாத் தேயமாட்டேன் என்று தலையை ஆட்டினான். நாலாவது முறையும் சொல்லத் தயாராக இருப்பவன்போல நின்றான்.

காஸ்பர் அவன் தோளில் கையைப் போட்டு, வீட்டுப் பக்கம் திருப்பி நடக்கத் தொடங்கினார். "வா. இன்னைக்கு வீட்டுல வஞ்சிரம். உனக்கு ரசமும் அப்பளமும் இருக்கு, லூயிசா காலையிலயே செஞ்சு வெச்சிட்டா" என்றார்.